வீட்டுக்கே வந்து சைக்கிள் சர்வீஸா? 3,450 ரூபாய் போச்சு, உஷாரா இருங்க

ஆத்திரம் இன்னும் அடங்கல. மொபைல் ஆப்ல புக் பண்ணினா வீட்டுக்கே வந்து சைக்கிள் சர்வீஸ் பண்றோம்னு விளம்பரம் போடுறாங்களே, அப்படி ஒரு ஆப் மூலமா வந்தவன் என்கிட்ட 3,450 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டான்.

என் பொண்ணோட 21 கியர் சைக்கிள். முன்னாடி சின்ன செயின்வீல் (பெடல் பக்கத்து பல்சக்கரம்), பின்னாடி பெரிய பல்சக்கரம்னு போட்டா, செயின் ஃப்ரண்ட் டீரெய்லர் கூண்டுல (முன்பக்கம் கியர் மாத்தும்போது செயினைத் தள்ளுற பார்ட்டோட தகடுகள்) உரசி கரகரன்னு சத்தம். அவ்வளவுதான் கோளாறு. அட்ஜஸ்ட் பண்ண 299 ரூபாய்னு ஆப்ல போட்டிருந்துச்சு.

வந்த பையன் செருப்பை வாசல்லயே கழட்டினான். "அக்கா, பழைய துணி இருந்தா குடுங்க, தரையில கிரீஸ் பட்டுடும்"னான். துணியை விரிச்சு, ஆலன் கீயெல்லாம் வரிசையா அடுக்கினதைப் பார்த்ததும் நல்ல வேலைக்காரன்னு நம்பிட்டேன். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "கூண்டு வளைஞ்சிருக்குக்கா. ஓட்டும்போது செயின் சிக்கினா பாப்பா விழுந்துடும்"னான். பிள்ளை விழுந்துடும்னு சொன்னா எந்த அம்மா பேரம் பேசுவா? புது பார்ட்டும் கூலியும் சேர்த்து 3,450. அவன் போன்ல இருந்த க்யூஆர்லயே அனுப்பினேன். பில் ஆப்ல வந்துடும்னான். பழசை எக்ஸ்சேஞ்சுக்குன்னு எடுத்துட்டும் போயிட்டான்.

மறுநாள் காலையில டியூஷன் போற வழியில, மேம்பாலம் ஏறும்போது கியர் மாத்தியிருக்கா. செயின் இறுகி பெடல் அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி பஸ் வரலைங்கிறதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

தெருமுனை சைக்கிள் கடை அண்ணன், அந்தப் பார்ட்டை சைக்கிள் குழாய்ல பிடிச்சு வைக்கிற வளையத்தை, அதான் க்ளாம்ப்பை, கழட்டினார். உள்ளே கத்திரிச்ச டியூப் ரப்பர் ஒரு சுத்து! எங்க சைக்கிள் குழாய் 28.6 மில்லிமீட்டர், அவன் மாட்டினது 31.8 க்ளாம்ப். ரப்பர் நழுவி, க்ளாம்ப் கீழே இறங்கி, கூண்டு பெரிய செயின்வீல் பல்லுல இடிச்சு, பல் நுனியெல்லாம் பளபளன்னு தேய்ஞ்சிருக்கு. இதே மாதிரி பார்ட் ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்கும்னார்.

ஆப்ல கூப்பிட்டா, "மேடம், எங்க பில்ல 299தான் காட்டுது. வெளியில கொடுத்த பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல." அனுப்பினது நீங்கதானேன்னு கேட்டா, மேலதிகாரி கூப்பிடுவார்னாங்க. யாரும் கூப்பிடல. சாயங்காலம் பார்த்தா, 'புகார் தீர்க்கப்பட்டது'ன்னு மெசேஜ். 3,450 ரூபாய் யாருக்குத் தீர்ந்துச்சு? அந்தப் பையன் போன் ஸ்விட்ச் ஆஃப். 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிவு பண்ணிட்டேன்.

வீட்டுல நாமளே எப்படி அட்ஜஸ்ட் பண்றதுன்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. சுருக்கமா: கூண்டோட வெளித்தகடு பெரிய செயின்வீல் பல்லுக்கு மேல 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில, வீலுக்கு நேர்இணையா நிக்கணும். செயின் சின்ன செயின்வீல்ல இருக்கும்போது கூண்டுல உரசினா முதல்ல கேபிள் ரொம்ப இறுக்கமா இருக்கான்னு பாருங்க. அப்புறம் எல்-னு போட்ட ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தா தளர்த்துங்க. அதிகமா தளர்த்தினா செயின் உள்பக்கம் விழுந்துடும். பார்ட் மாத்தணும்னு சொன்னா க்ளாம்ப் அளவைக் கேளுங்க. பணத்தை ஆப்லயே கட்டுங்க, தனி க்யூஆர் வேண்டவே வேண்டாம். பழைய பார்ட்டைக் கொடுத்து அனுப்பாதீங்க. அது வளைஞ்சிருந்துச்சா இல்லையான்னு காட்ட என்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்ல.