பழைய திங்க்பேட் எக்ஸ்200-க்கு எந்த வைஃபை கார்டு?

லிப்ரிபூட் (லேப்டாப்பைத் துவக்கும் ஒரிஜினல் பயாஸுக்குப் பதிலாகப் போடும் சுதந்திர மென்பொருள்) போட்ட எக்ஸ்200 வைத்திருக்கிறீர்களா? வைஃபை கார்டு மாற்றும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள், டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளைப் பாருங்கள். கோபியில் எங்கள் வீட்டில் ஏதெரோஸ் கம்பெனியின் ஏஆர்9285, அதற்கப்புறம் ஏஆர்9280 என்று இரண்டு கார்டையும் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

எக்ஸ்200 வந்தது 2008-இல். பலவற்றில் இன்டெல் 5100 கார்டு இருக்கும். நல்ல கார்டுதான், ஆனால் மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு ஒன்று இல்லாமல் அது எழுந்திருக்காது. டிரிஸ்குவல் போன்ற முழு சுதந்திர லினக்ஸில் அந்தக் கோப்பே வராது. ஏதெரோஸின் ஏஆர்9285, ஏஆர்9280 கார்டுகளுக்கு ஏடிஎச்9கே டிரைவர் மட்டும் போதும், ஃபர்ம்வேர் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. லினக்ஸின் மையமான கர்னலிலேயே அந்த டிரைவர் இருப்பதால், கார்டை மாட்டி ஆன் செய்தால் நெட்வொர்க் பெயர்கள் வந்து நிற்கும். எத்தனை கர்னல் அப்டேட் வந்தபோதும் என் வைஃபை ஒருமுறைகூடப் படுத்ததில்லை. அந்த நிம்மதிக்காகவே இதைச் சொல்வேன்.

கோயம்புத்தூரில் பழைய லேப்டாப் பாகங்கள் விற்கும் கடையில் கேட்டபோது, "ஏனுங்ணா, இதைவிட ஸ்பீடா புதுசு இருக்குதுங்களே" என்றார் கடைக்காரத் தம்பி. அவர் எடுத்துக் காட்டியது எம்.2 கார்டு. நமக்கு வேண்டியது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். இரண்டும் வேறு ஸ்லாட். அதிலும் முழு நீளம், அரை நீளம் என்று இரண்டு அளவு உண்டு. உங்கள் போர்டில் திருகுத் துளை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அரை நீளக் கார்டை முழு நீள இடத்தில் பொருத்தச் சின்ன உலோகத் தகடு கிடைக்கும். ஆன்லைனில் வாங்குவதானால் ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். ஏஆர்5பி95 என்றிருந்தால் உள்ளே 9285, ஏஆர்5பிஎச்பி92 என்றிருந்தால் 9280.

இந்த இரண்டில் 9285 மலிவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், 150 எம்பிபிஎஸ் வரை. 9280 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையும் பிடிக்கும், 300 வரை. எங்களுடையது தொட்டிக்கட்டு வீடு. தடித்த மண்சுவர். ரூட்டர் ஆசாரத்தில், அதாவது கூடத்தில் இருக்கிறது. ஆசாரத்தில் உட்கார்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அருமை, சமையல்கட்டுக்குப் போனால் சிக்னல் செத்துவிடும். அங்கே 2.4-தான் கைகொடுக்கிறது. இரண்டும் இருப்பதால் 9280-க்கே என் ஓட்டு. பக்கத்து வீட்டு ரூட்டர்கள் நெருக்கும் டவுன் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் முக்கியம்.

மாட்டும்போது கவனம் வேண்டிய இடம் ஆன்டெனா ஒயர்தான். கீபோர்டையும் பாம்ரெஸ்டையும் கழற்றினால் சாம்பல் நிற ஒயர், கருப்பு ஒயர் தெரியும். சாம்பல் கார்டில் மெயின் என்று போட்டிருக்கும் முனைக்கு, கருப்பு ஆக்ஸ் என்று போட்டிருக்கும் முனைக்கு. ஒயர் நுனியில் மிளகைவிடச் சிறிய வளையம். நேராக வைத்து விரலால் அமுக்கினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அமுக்கினால் நசுங்கிவிடும். இந்த வகை இணைப்பை சுமார் 30 தடவை கழற்றி மாட்டலாம் என்றுதான் தயாரிப்பாளரே கணக்கு சொல்கிறார். சும்மா சும்மா கழற்ற வேண்டாம்.

பிங் (நெட்வொர்க் பதில் தரும் நேரம்) திடீர் திடீரென்று எகிறினால் நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை பவர்சேவை அணைத்துப் பாருங்கள். எனக்கு அது சரிசெய்தது.

இன்னும் ஒரிஜினல் பயாஸிலேயே இருப்பவர்கள் உள்ளே கை வைக்காதீர்கள். அந்த பயாஸ், தன் அனுமதிப் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்ததும் 1802 என்று பிழை காட்டி நின்றுவிடும். அவர்களுக்கு ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி டாங்கிள் போதும். அந்தப் பட்டியல் யூஎஸ்பியைப் பார்ப்பதில்லை. அதற்கு ஃபர்ம்வேர் தேவைதான், ஆனால் அதன் மூல நிரல் 2013-இலேயே வெளியாகிவிட்டது. டெபியன் லினக்ஸில் ஃபர்ம்வேர்-ஏடிஎச்9கே-எச்டிசி என்ற பேக்கேஜைப் போட்டால் வேலை முடிந்தது.