பழைய காரில் கூலன்ட் லீக்: கை பம்ப் பிரஷர் டெஸ்டர், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, வண்டிக்கு அடியில் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பழைய மாருதி 800, ஆல்ட்டோ, வேகன் ஆர் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய தலைவலி. பட்டறைக்குப் போனால் "வாட்டர் பம்ப் மாத்திடலாம் சார்" அல்லது "ரேடியேட்டர் போயிடுச்சு" என்பார்கள். இரண்டையும் மாற்றிய பிறகும் தண்ணீர் குறைவது நிற்காத வண்டிகள் உண்டு. பொருளை மாற்றும் முன் லீக்கைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கு ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் காற்றடிக்கும் பிரஷர் டெஸ்டரைவிட நல்ல கருவி இல்லை.

என்ஜின் சூடாக இருக்கும்போது உள்ளே பிரஷர் இருக்கும். ஆனால் வெளியே வரும் துளி சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும். குளிர்ந்த பிறகு துளி ஆவியாகாது. ஆனால் அதை வெளியே தள்ளப் பிரஷர் இல்லை. அதனால்தான் இரண்டு வேளையிலும் லீக் கண்ணில் படுவதில்லை. குளிர்ந்த என்ஜினில் பிரஷர் ஏற்றித் தருவதுதான் டெஸ்டரின் வேலை.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பது நல்லது. வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்புங்கள். உள்ளே காற்று அதிகம் இருந்தால் சின்ன லீக்குக்கு டெஸ்டர் மீட்டரின் முள் அசையவே அசையாது. மூடி உட்காரும் வளையத்தைத் துணியால் துடையுங்கள். ஜப்பானியக் கார்களின் சின்ன வாய்க்கு ஏற்ற அடாப்டரை மாட்டுங்கள். மூடியின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள்: 0.9 என்றிருந்தால் 0.9 பார், சுமார் 13 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம். அலுமினியக் கோரின் மேல் பிளாஸ்டிக் டேங்க் மடித்துப் பிடித்திருக்கும் பழைய ரேடியேட்டர், அதிகப் பிரஷரில் அந்த மடிப்பிலேயே விட்டுவிடும். பிறகு தேடி வந்த லீக் ஒன்று, நாமே உண்டாக்கிய லீக் இன்னொன்று.

முதலில் முள் கொஞ்சம் இறங்கும். ஹோஸ்கள் விரிவதால் வருவது அது. மறுபடி ஏற்றிவிட்டு 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டு "லீக் இல்லை" என்று சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை அது காட்டிவிடும். டார்ச்சும், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் கட்டாயம் தேவை.

தேட வேண்டிய இடங்களில் ஹோஸ் முனைகள் எளிது. கிளாம்பை இறுக்கியதும் நின்றால் சரி. ரப்பர் கல்லாகிப் போயிருந்தால் இன்னும் இறுக்காதீர்கள், ஹோஸ் அறுந்துவிடும், மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றினால், ஹோஸ் உட்காரும் அலுமினிய வாய் அரித்துக் குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குழியின் மேல் புது ஹோஸ் போட்டும் பயனில்லை.

வாட்டர் பம்ப் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பம்பின் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, உடலின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேற வைத்திருக்கும் வழி அது. அதை எம்-சீல் வைத்து அடைக்கும் கொடுமையும் நடக்கிறது. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்ப் பம்பே பிடித்துக்கொள்ளும். துளைக்குக் கீழே கூலன்ட்டின் நிறத்தில் காய்ந்த கோடு இறங்கியிருக்கிறதா பாருங்கள். காய்ந்த லேசான தடம் மட்டும் இருந்து, பிரஷரில் சொட்டு வரவில்லை என்றால் பம்பை விட்டுவிடலாம். சொட்டினாலோ, பெல்ட்டைத் தளர்த்திப் புல்லியை ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். டைமிங் பெல்ட் பக்கம் கழற்ற வேண்டிய என்ஜினாக இருந்தால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையேல் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

வெறும் தண்ணீரிலேயே ஓடிய வார்ப்பிரும்பு பிளாக் என்றால் கோர் பிளக்குகளையும் (பிளாக்கின் துளைகளை அடைக்கும் உலோக மூடிகள்) பாருங்கள். அவை உள்ளிருந்து துருப்பிடித்து வருவதால் வெளியே ஊசிமுனை அளவு ஈரம்தான் தெரியும்.

வெளியே எங்கும் ஈரமில்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர். டேஷ்போர்டுக்கு அடியில் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். ஏசி தண்ணீருக்கு நிறமும் இல்லை, வழவழப்பும் இல்லை, கூலன்ட்டுக்கு இரண்டும் உண்டு. அடுத்தது ஹெட் கேஸ்கட், அதாவது பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. பிரஷர் ஏற்றி அரைமணி நேரம் விட்டு, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து தண்ணீர் தெறிக்கிறதோ அந்த சிலிண்டரில்தான் கோளாறு. பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருந்தால் அதுவும் அதே அறிகுறிதான்.

டெஸ்டரின் பலவீனம் இங்கேதான். சூட்டில் மட்டும் திறக்கும் ஹெட் கேஸ்கட் லீக்கும் ஹெட்டில் உள்ள விரிசலும் குளிர்ந்த என்ஜினில் பிடிபடாமல் போகலாம். அப்போது ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவ டெஸ்டர் உதவும். எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். கூலன்ட் அந்த டெஸ்டரின் குழாய்க்குள் ஏறாதபடி முதலில் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் சாயம் ஊற்றி யுவி டார்ச் அடிப்பதும் நல்ல முறை. ஆனால் பச்சைக் கூலன்ட்டுகள் பலவும் தாமே ஒளிர்பவை. அதனால் பழைய கசிவின் கறைகளைக் கழுவிவிட்டுச் சாயம் ஊற்றுங்கள்.

மூடியைத் தனியாகச் சோதிக்கத் தவறாதீர்கள். இரண்டு பக்கமும் வாய் உள்ள அடாப்டரில் மூடியை நனைத்து மாட்டிக் காற்றடித்தால், 0.9 அருகே பிடித்து நின்று அதைத் தாண்டியதும் விட வேண்டும். நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. பிடிக்காத மூடி என்றால் 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியேறும். இதை ரேடியேட்டர் கோளாறு என்று நினைத்துச் செலவு செய்பவர்கள் நிறைய. ஆறியபின் மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடந்தால் மூடியில் உள்ள வேக்யூம் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நெடுஞ்சாலையில் நின்றுபோன லாரிக்காரர் வீடு சேர உதவியிருக்கலாம். தூளோ, கடையில் விற்கும் லீக் அடைப்பானோ, ஓட்டையைத் தேடிப் போய் அடைப்பதில்லை; ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். போர் தண்ணீரும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். கூலன்ட்டுடன் கலக்க பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் குழந்தையும் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கருவியைப் பொறுத்தவரை, நாளடைவில் முதலில் கெடுவது அடாப்டரின் ரப்பர் வளையமும் இணைப்பின் ஓ-ரிங்கும். அவை கசிந்தால் நல்ல வண்டியும் லீக் வண்டியாகத் தெரியும். வாங்கும்போதே இரண்டு செட் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷரைத் திறந்துவிட்ட பிறகும் மீட்டரின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.