அட்டெனலாலா, மெட்டோபிரலாலா? பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால்

"அண்ணே, இதே மாதிரி பத்து மாத்திரை" என்று கத்தரித்த அட்டைத் துண்டு ஒன்றை மேசையில் வைப்பார்கள். பெயர் இருந்த ஓரம் போயிருக்கும், மிச்சம் இருப்பது '...லால் 50' மட்டும். மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு அந்த 'லால்' என்ற வால் போதும், இது பீட்டா பிளாக்கர் என்று தெரிந்துவிடும். எந்த லால் என்பதுதான் சிக்கல். அட்டெனலாலிலும் 50 உண்டு, மெட்டோபிரலாலிலும் 50 உண்டு. "ரெண்டும் பிரஷருக்குத்தானே, எதையாவது குடுங்க" என்பவர்கள்தான் என்னை இதை எழுத வைத்தார்கள்.

வேலை என்னவோ ஒன்றுதான். அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுப்பது, துடிப்பைக் குறைப்பது, பிரஷரை ஏற்றும் ரெனினைச் சிறுநீரகம் சுரப்பதைக் கட்டுப்படுத்துவது. ஆனால் உடம்பை விட்டு வெளியேறும் வழி வேறு. அட்டெனலால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகப் போகிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவருக்கு, அதாவது சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, அது உடம்பிலேயே தேங்கும், நாடி இறங்கிக்கொண்டே போகும். மெட்டோபிரலாலைக் கல்லீரல் உடைக்கிறது, அதனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது பொதுவாகத் தோது. ஆனால் மனச்சோர்வுக்கு ஃப்ளூயாக்செட்டினோ பராக்செட்டினோ சாப்பிடுபவருக்கு அந்தக் கல்லீரல் பாதை அடைபட்டு, மெட்டோபிரலாலின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். பிரஷர் டாக்டரிடம் மனநல மாத்திரையைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மெட்டோபிரலாலில் இன்னொரு குழப்பம், அது இரண்டு வேதியியல் உப்பு வடிவங்களில் வருகிறது. டார்ட்ரேட் என்றால் வழக்கமாக இரண்டு வேளை. சக்சினேட் என்றால் மெதுவாகக் கரையும் வகை, ஒரு வேளை போதும், பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்எல்' அல்லது 'இஆர்' என்று இருக்கும். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் விழுங்க முடியவில்லை என்று எக்ஸ்எல் மாத்திரையைச் சின்ன உரலில் போட்டு இடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிட்டு வந்தார். ஒரு நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? நடுவில் கோடு போட்ட எக்ஸ்எல் மாத்திரையைக் கோட்டில் பாதியாக உடைக்க டாக்டர் சொல்லியிருந்தால் உடைக்கலாம். பொடிக்கவும் மெல்லவும் கூடாது. அப்புறம், மெட்டோபிரலாலைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுப்பது நல்லது. அட்டெனலாலுக்கு அந்தக் கணக்கு இல்லை.

அட்டெனலால் மலிவு, பழகியது. ஆனாலும் வயதானவர்களுக்கு அதை முதல் மருந்தாகக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. 2002-இல் வந்த 'லைஃப்' ஆய்வில் அட்டெனலாலை விட, லோசார்ட்டான் என்ற வேறு வகை பிரஷர் மருந்தை எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவாக வந்தது. 2005-இல் வந்த 'ஆஸ்காட்' ஆய்விலும் அட்டெனலாலை விட அம்லோடிபின் என்ற இன்னொரு வகை பிரஷர் மருந்தின் பக்கமே தராசு சாய்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலும், வேறு சிக்கல் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலாலை முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்கிறது. பல வருடமாக அது ஒன்றை மட்டுமே சாப்பிடுபவர் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்கலாம். தானாக நிறுத்தக் கூடாது, அதற்குப் பிறகு வருகிறேன். கர்ப்பம் என்றாலும் உடனே சொல்லிவிட வேண்டும். குழந்தையின் வளர்ச்சி குறையும் என்பதால் அட்டெனலாலைத் தவிர்த்து, பெரும்பாலும் லபெட்டலால் தருவார்கள்.

நெஞ்சுவலி, மாரடைப்பு, படபடப்பு இருப்பவருக்குக் கதை வேறு, அங்கே பீட்டா பிளாக்கர்தான் ராஜா. இதயம் பலவீனமானவருக்கு ஏதோ ஒரு லால் என்று கொடுத்துவிட முடியாது. பிசோபிரலால், கார்விடிலால், மெட்டோபிரலால் சக்சினேட் ஆகிய மூன்றுக்குத்தான் ஆயுளைக் கூட்டியதற்கு வலுவான சான்று உண்டு. இதில் கார்விடிலால் ரத்தக் குழாயையும் தளர்த்துவதால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். சாப்பாட்டோடு எடுத்தால் அது மெல்ல ஏறும். நெபிவலால் விலை கூடுதல். சோர்வும், ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பிரச்சினையும் இதில் குறைவு. வேறு லாலில் அந்தத் தொந்தரவு வந்தால் மாத்திரையை ரகசியமாக நிறுத்தாமல், மாற்றித் தரும்படி கேட்கலாம்.

பிராப்ரனலால் இந்தக் குடும்பத்தில் இன்றும் புழக்கத்தில் இருப்பவற்றில் மூத்தது, ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் வாங்கித் தந்த வேலைகளில் ஒன்று. இப்போது பிரஷரை விட ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும்தான் சீட்டில் அதிகம் பார்க்கிறேன். வீசிங் உள்ளவருக்கு இது ஆகவே ஆகாது. அட்டெனலால், பிசோபிரலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தோடு நிற்பவை என்றாலும் அளவு கூடினால் அவையும் மூச்சுக்குழாயைத் தொடும். தலைவலிக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒரு டாக்டர் என்று போகிறவர் இரண்டு லாலைச் சேர்த்துச் சாப்பிடும் ஆபத்தும் உண்டு. துடிப்பைக் குறைக்கும் வேறு வகை மருந்துகளான வெராபமில், டில்டியாசெம் மாத்திரைகளோடு சேர்ந்தாலும் நாடி படுத்துவிடும்.

சுகர் இருப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரைகள் மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் சட்டை நனைந்தால் உடனே மீட்டரை எடுங்கள்.

சரி, நிறுத்துவது பற்றி. எந்த லாலையும் திடீரென்று விட்டால், இத்தனை நாள் அடங்கிக் கிடந்த துடிப்பு மொத்தமாகத் திமிறும். ஏற்கெனவே இதய அடைப்பு இருப்பவருக்கு அது மாரடைப்பு வரை போகலாம். நிறுத்துவதானால் டாக்டர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார். கூட்டு மாத்திரைதான் இதில் ஏமாற்றும். அம்லோடிபினோடு 'ஏடி' என்று இருந்தால் உள்ளே அட்டெனலாலும் இருக்கிறது. கால் வீங்குகிறது என்று அம்லோடிபினை விடுவதாக நினைத்து அட்டெனலாலையும் சேர்த்து விட்டவர்கள் உண்டு. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம். இரட்டையாகப் போடக் கூடாது. நாடி 50-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றி விழப் பார்த்தாலோ அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். மயக்கமே வந்தால் 108.

கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் ஒரு பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்டதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து இதயம் வரை போகும். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்கும்போது அதை யாரும் சொல்வதே இல்லை, சாப்பிடுவதில்லையே!