நான்கு வருடமாகத் துப்பும் பேக்ஃப்ளோ வால்வு

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் விடுதி கட்டும் சிநேகிதன் போன வாரம் கேட்டான்: "மச்சான், உங்கட இடத்தில பூட்டின அந்த பேக்ஃப்ளோ சாமான் எப்படி? நானும் வாங்கவா?" ஒரு சொல்லில் பதில் வரவில்லை.

உப்புவெளியில் எங்கள் விடுதியில் குசினிக்கும் அறைகளுக்கும் குழாய்த் தண்ணீர், தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் கிணறு. ஆவணியில் கிணறு உவர்த்துவிடும். அப்போது குழாய்த் தண்ணீரைத்தான் குளத்துக்கும் விடுவோம். ஹோஸ் நுனி குளத்துக்குள்ளேயே கிடக்கும். ரோட்டு லைனில் அழுத்தம் விழுந்தால் அதே ஹோஸ் குளத்துத் தண்ணீரை உறிஞ்சி லைனுக்குள் ஏற்றிவிடும் என்பது உறைத்த பிறகுதான், ஒரு அங்குல ஆர்பிஇசட் (RPZ) வாங்கினேன், தண்ணீர் பின்னால் போகாமல் தடுக்கும் வால்வு. ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் விடும் இரண்டு செக் வால்வு, நடுவில் தண்ணீரை வெளியே விடும் ஒரு ரிலீஃப். செக் பழுதாகித் தண்ணீர் திரும்பி வந்தால் ரிலீஃப் வழியே வெளியே கொட்டும், பின்னால் போகாது.

அந்தக் கொட்டுதல்தான் என் தலையிடி. நீர்வெட்டு வந்தால் துப்பும். விடியற்காலையில் அழுத்தம் ஏறி இறங்கினாலும் துப்பும். முதல் செக்கில் மணல் சிக்கினால் நிற்காமல் சொட்டும். பைப் வேலை செய்த பாஸ் அதை வரவேற்பறைப் பக்கச் சுவரிலேயே பூட்டிவிட்டார், வருகிறவர்கள் எல்லாம் "பைப் லீக்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். கீழே வாளி வைத்தேன். வாளி நிறைந்து ரிலீஃபின் வாய் மூழ்கினால் பூட்டியதே வீண் என்று சோதிக்க வந்தவர் ஏசினார். வாளியும் போயிற்று.

வருடாந்தச் சோதனையை மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அழுத்த வித்தியாசம் காட்டும் கேஜின் இரண்டு ஹோஸையும் வால்விலுள்ள இரண்டாம், மூன்றாம் சோதனைத் திருகிகளில், அதாவது முதல் செக்கின் இரு பக்கமும், மாட்டி, வெளி வால்வைப் பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கசியவிடுவார். முள் இறங்கும். மற்றக் கை விரல் ரிலீஃபின் வாய்க்குக் கீழே. முள் 2 பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) கீழே போகுமுன் விரல் நனைய வேண்டும். இரண்டாம் வருடம் 1.5இல்தான் நனைந்தது. நுழைவழுத்தத்தை ரிலீஃபுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாயில் துரு அடைத்திருந்தது. இந்த முறை கழற்றினால், முதல் செக்கின் ரப்பரில் கடுகளவு மணல், அதைச் சுற்றிப் பள்ளம். கழற்றும்போதே இரண்டு போல்ட் முறிந்தது. கடல் காற்று. இப்போது எல்லாம் ஸ்டெயின்லெஸ். அப்புறம், சோதனைக்குத் தண்ணீரை நிறுத்தத்தான் வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை ஆள் வரும் காலம், அதனால் மாரியிலேயே செய்துவிடுங்கள்.

நியாயமாகச் சொன்னால் சாமானில் பிழையில்லை. அது துப்பிய ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் இருந்தது.

ஆனாலும் சிநேகிதனிடம் "வாங்காதே" என்றேன். குழாய்த் தண்ணீரை முதலில் தாங்கியில் விழ விடு. குழாய் வாய் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தின் இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கட்டும். குளத்துக்குத் தாங்கியிலிருந்து எடு. நடுவில் வெறும் காற்று, லைன் உறிஞ்ச வழியில்லை. ரப்பரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை.

"அப்ப உன்ரதைக் கழற்றுவியா?" என்றான்.

மாட்டேன். முந்தநாள்தான் புது ரப்பர் போட்டது. இன்று காலை தரை காய்ந்திருந்தது.