புது லேப்டாப்புக்கு எந்தத் திரை: 1366×768 முதல் 4கே வரை

14 அங்குல ஃபுல் எச்டி (1920×1080 பிக்சல்) லேப்டாப்பைப் புதிதாக வாங்கித் திறந்தால், பழைய 1366×768 லேப்டாப்பில் தெரிந்ததைவிடக் குறைவான வரிகள்தான் பெரும்பாலும் திரையில் தெரியும். பிக்சல், அதாவது திரையின் ஒளிப்புள்ளிகள், ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியும் இடம் குறைகிறது. எழுத்து பொடியாகத் தெரியக் கூடாதென்று விண்டோஸ் தானாகவே 150% ஸ்கேலிங் (எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) போட்டுவிடுவதுதான் காரணம். 1920×1080-ஐ ஒன்றரையால் வகுத்தால் 1280×720. பழைய திரையில் 100% ஸ்கேலிங்கில் 768 கிடைத்தது, இங்கே 720.

ஆகவே, பெட்டியில் போட்டிருக்கும் ரெசல்யூஷனை (அகலத்தில் எத்தனை பிக்சல், உயரத்தில் எத்தனை பிக்சல் என்ற எண்) மட்டும் வைத்து ஒரு திரையை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. எழுத்து எவ்வளவு கூர்மை என்பதை ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு சொல்லும். எவ்வளவு இடம் என்பதை ரெசல்யூஷனை ஸ்கேலிங்கால் வகுத்து வரும் எண் சொல்லும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் 1366×768. 15.6 அங்குலத்தில் இது அங்குலத்துக்கு 100 பிக்சல். தமிழ் படிப்பவர்களுக்கு இது ஆகவே ஆகாது. ஆங்கில எழுத்தை இந்தப் பிக்சலில் சமாளித்துவிடலாம். ண, ன, ணை, றி, ஞ என்று சுழிகள் நெருங்கி வரும்போது சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகிறது. மாணவர்களுக்கு வாங்கித் தரும் மலிவு விலை லேப்டாப்களில் இன்னும் இந்தத் திரை வருகிறது என்பதுதான் வருத்தம். பெட்டியில் வெறும் 'எச்டி' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் இதுதான். கூடவே டிஎன் வகைப் பேனலாக இருந்தால், திரையைக் கொஞ்சம் சாய்த்ததும் நிறம் மாறிவிடும். பட்ஜெட் இடித்தால், புதிதாக இதை வாங்குவதைவிட ஃபுல் எச்டி திரையுள்ள நல்ல பழைய லேப்டாப்பைத் தேடுவேன்.

உண்மையான போட்டி 1920×1080-க்கும் 1920×1200-க்கும்தான். கூர்மையில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்: 14 அங்குலத்தில் ஒன்று 157, மற்றது 162. ஆனால் உயரத்தைப் பாருங்கள். அதே 14 அங்குலத்தில் 1920×1200 திரை (அகலம் 16-க்கு உயரம் 10) சுமார் 14 மில்லிமீட்டர் உயரம் கூட, அகலம் 8 மில்லிமீட்டர் குறைவு. நாம் லேப்டாப்பில் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி மேலிருந்து கீழே போவது: கட்டுரை, மெயில், எக்செல், புரோகிராம். பிரவுசரின் டேப் வரிசை, முகவரிப் பட்டை, கீழே டாஸ்க்பார் எல்லாம் உயரத்தைத்தான் தின்கின்றன. மிச்சமிருக்கும் இடத்தில் கூடுதலாக மூன்று நான்கு வரி தெரிவது நாள் முழுக்க எழுதுகிறவருக்குப் பெரிய விஷயம். 1920×1200-இல் 125% ஸ்கேலிங் வைத்தால் 1536×960 இடம் கிடைக்கும். எழுத்தும் பெரும்பாலோருக்கு வசதியான அளவில்தான் இருக்கும். படம் பார்க்கும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், அவ்வளவுதான் இழப்பு. விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் யோசிக்காமல் 1200-ஐ எடுங்கள்.

15.6 அங்குல ஃபுல் எச்டிக்கு மட்டும் ஒரு தனி நியாயம் இருக்கிறது. 125, 150 என்று ஸ்கேலிங் போட்டால் பழைய கணக்கு மென்பொருள்கள், பழைய டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருள்கள் பலவற்றின் எழுத்து மங்கிவிடும். இன்றைய திரைகளுக்காக அவை எழுதப்படவில்லை. விண்டோஸ் அவற்றைப் படம்போல இழுத்துக் காட்டுகிறது. அப்படிப்பட்ட மென்பொருளில்தான் தினமும் வேலை என்றால், பெரிய திரையில் ஃபுல் எச்டி வாங்கி, கண்ணுக்கு ஒத்துவந்தால் 100%-இலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு மேல் போகலாமா? நல்ல பார்வையுள்ள கண் 60 சென்டிமீட்டர் தூரத்தில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 145 பிக்சல் வரை தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். 50 சென்டிமீட்டருக்கு வந்தால் 175, 40-க்கு வந்தால் 218. லேப்டாப்பை மடிக்கு அருகில் வைத்து, குனிந்து மணிக்கணக்கில் படிக்கிறவர்களுக்கு 14 அங்குல 2560×1600 (216), 2880×1800 (243) திரைகள் உண்மையாகவே பலன் தரும். இந்த இரண்டில் நான் 2880×1800 பக்கம். 200% ஸ்கேலிங்கில் சரியாகப் பாதியாகி 1440×900 இடம் கிடைக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுகிறவர்களுக்கு இந்த முழு எண் ஸ்கேலிங் பெரிய நிம்மதி. 2560×1600-ஐப் பாதியாக்கினால் 1280×800 என்று சுருங்கிவிடுகிறது. அதற்குப் பயந்து 150% வைத்தால் 14 அங்குலத்தில் எழுத்து சிறுக்கும். அதே ரெசல்யூஷன் 16 அங்குலத்தில் வந்தால் 150% அழகாகப் பொருந்தும், அங்கே அதுவே நல்ல தேர்வு.

செலவு விலையோடு நிற்காது. 2880×1800 என்பது ஃபுல் எச்டியின் இரண்டரை மடங்குப் பிக்சல். கிராபிக்ஸ் சிப்புக்கு வேலை கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். வெளியூர்ப் பயணமும் சார்ஜர் போட இடமில்லாத வகுப்பறையும் உங்கள் அன்றாடம் என்றால் 1920×1200 போதும்.

15.6 அங்குலத்தில் 4கே (3840×2160) வேண்டாம். விண்டோஸ் அதற்குப் பொதுவாக 250% பரிந்துரைக்கும். வகுத்தால் வருவது 1536×864. 15.6 அங்குல ஃபுல் எச்டியில் 125% போட்டாலும் இதே எண்தான். இடம் ஒரு வரிகூட அதிகமில்லை. புகைப்படம், வீடியோ எடிட்டிங் தொழிலாகச் செய்பவர்கள் விதிவிலக்கு.

ஆப்பிள் மேக்புக் ஏரில் இந்தத் தலைவலி குறைவு. 13.6 அங்குல மாடலில் 2560×1664 திரை, இடம் 1470×956 என்று நிறுவனமே தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறது.

இனி, வாங்கியதைச் சரிபார்ப்பது. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைத் திரைகள் வருவது சகஜம். கடையில் காட்டிய பீஸில் இருந்த திரைதான் பெட்டிக்குள் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பில்லில் முழு மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். விவரப் பட்டியலில் '4கே வரை' என்று இருந்தால், அது எச்டிஎம்ஐ வழியாக வெளித் திரைக்கு அனுப்பக்கூடிய அளவாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து ரெசல்யூஷன் பட்டியலைப் பாருங்கள். 'ரெக்கமண்டட்' என்ற குறிப்போடு இருப்பதுதான் பொதுவாகத் திரையின் அசல் ரெசல்யூஷன். பட்டியலில் ஆகப் பெரிய எண்ணை அசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில கிராபிக்ஸ் டிரைவர்களில் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) ஒரு வசதியை இயக்கினால் திரையில் இல்லாத பெரிய ரெசல்யூஷனும் பட்டியலில் வந்துவிடும். எதிர்பார்த்ததைவிடச் சிறிய எண் மட்டுமே தெரிந்தால் உடனே திரையைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் கிராபிக்ஸ் டிரைவர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் 'எக்ஸ்ரேண்டர்' (xrandr) கட்டளை போட்டால், திரை விரும்பும் ரெசல்யூஷனுக்குப் பக்கத்தில் கூட்டல் குறியும், இப்போது ஓடுவதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இருக்கும்.

எழுத்து சிறிதாகத் தெரிகிறதென்று பலர் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் திரை முழுவதும் கலங்கிப்போகும், கொடுத்த காசு வீண். ரெசல்யூஷனை அசல் அளவிலேயே விட்டுவிட்டு ஸ்கேலிங்கை மட்டும் கூட்டுங்கள். அப்புறம் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து சிறிது நேரம் படித்துப் பாருங்கள். கண் உறுத்தினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் பேசிவிடுங்கள்.