அலாஸ்கா மூஸ் வேட்டை பேக்கேஜ்: "பேப்பர் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றால் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவின் மொன்டானாவில் கிளம்பி, கனடாவைக் குறுக்கே கடந்து, அலாஸ்காவில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டை. கைடு, தங்குமிடம், எல்லைப் பேப்பர், திரும்பும்போது இறைச்சி வீட்டுக்கே வரும். இப்படிச் சொல்லித்தான் எங்கள் குழுவிடம் பேக்கேஜ் விற்றார்கள். பாதிப் பணம் முன்கூட்டியே போனது. கைடும் வரவில்லை, பணமும் வரவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே பேச்சை வேறு பெயர்களிலும் கேட்கலாம் என்பதால், பேச்சில் எங்கே ஓட்டை என்பதை எழுதுகிறேன்.

அட்வான்ஸ் கேட்பதே மோசடி என்று நினைக்க வேண்டாம். பாதிப் பணம் முன்பணமாக வாங்குவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். பார்க்க வேண்டியது லைசென்ஸை. அலாஸ்காவில் கைடு லைசென்ஸ் வேறு, டிரான்ஸ்போர்ட்டர் லைசென்ஸ் வேறு. டிரான்ஸ்போர்ட்டர் உங்களையும் சாமானையும் அடித்த இறைச்சியையும் ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். கூட நடந்து வந்து விலங்கைக் காட்டி, "இதை அடி" என்று சொன்னால் அது சட்டவிரோதம். எங்களுக்கு அனுப்பிய லைசென்ஸ் நகலில் எண் உண்மைதான், ஆனால் அது டிரான்ஸ்போர்ட்டர் எண். பெயரையும் எண்ணையும் அலாஸ்கா அரசின் தொழில் உரிமத் தளத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம், இலவசம். எந்த வகை, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அதிலேயே தெரியும். கைடு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: எந்தெந்த கைடு பகுதிகளில் பதிவு செய்திருக்கிறார்? ஒருவர் மூன்று பகுதிகளுக்கு மேல் பதிய முடியாது. "மாநிலம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போவோம்" என்பவரிடம் மேலே பேசவே தேவையில்லை.

குழுவில் டொராண்டோக்காரர் ஒருவர் இருந்தால் கணக்கே மாறிவிடும். அலாஸ்காவில் குடியிராத அமெரிக்கக் குடிமக்களுக்கு மூஸுக்கும் கரிபூ மானுக்கும் கைடு கட்டாயமில்லை. பழுப்புக் கரடி, டால் ஆடு (வெள்ளைக் காட்டுச் செம்மறி), மலை ஆடு மூன்றுக்கும் கட்டாயம். கைடு இல்லாவிட்டால் அலாஸ்காவில் குடியிருக்கும், 19 வயது நிரம்பிய நெருங்கிய உறவினர் கூட இருக்க வேண்டும். அண்ணன், தம்பி, மாமனார், மைத்துனர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சித்தப்பாவும் அத்தை மகனும் கிடையாது. அமெரிக்காவில் குடியிராத வெளிநாட்டவருக்கோ எந்தப் பெரிய விலங்குக்கும் கைடு இல்லாமல் முடியாது. அதோடு அவர் துப்பாக்கியை அமெரிக்காவுக்குள் கொண்டுவர ஏடிஎஃப் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறையின் 6என்ஐஏ (6NIA) படிவ அனுமதி வேண்டும். கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். "பார்டர்ல பார்த்துக்கலாம்" என்பது எங்களுக்குக் கிடைத்த பதில். பார்டரில் அதைத் தரமாட்டார்கள்.

இனி எல்லைப் பேப்பர். இதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாலே பொய் என்று எடுத்துக்கொள்ளலாம். கனடாவுக்குள் துப்பாக்கி கொண்டுபோக ஆர்சிஎம்பி (கனடாவின் மத்திய போலீஸ்) 5589 படிவத்தை மூன்று பிரதி நிரப்பி எடுத்துப் போக வேண்டும். கையெழுத்து மட்டும் போடக்கூடாது. எல்லை அதிகாரியின் கண் முன்னால்தான் போட வேண்டும். கட்டணம் 25 கனடிய டாலர், ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. மூன்றுக்கு மேல் துப்பாக்கி இருந்தால் 5590 என்ற தொடர் தாளும் சேரும். அதிகாரி உறுதி செய்ததும் 60 நாள் செல்லும், அதனால் திரும்பும் வழிக்கும் அதுவே போதும். எங்களுக்கு 150 டாலருக்கு விற்ற "எல்லை ஆவணத் தொகுப்பில்" இருந்தது, ஏற்கெனவே கையெழுத்துக் கோட்டில் பெயர் அச்சடித்த இதே இலவசப் படிவம். அமெரிக்காவை விட்டுப் புறப்படும் முன் துப்பாக்கியை சுங்க அலுவலகத்தில் காட்டி 4457 படிவத்தில் முத்திரை வாங்குங்கள். வரிசை எண் அதில் இருந்தால் திரும்பும்போது "எங்கே வாங்கினாய்" என்ற கேள்வி வராது.

கரடிக்குப் பயந்து கைத்துப்பாக்கியை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு "டிப்ஸ்" தந்தார்கள். கனடாவில் கைத்துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கி கணக்கில் வராது. அறிவிக்காமல் பிடிபட்டால் துப்பாக்கி பறிமுதல், வழக்கு, சில நேரம் வண்டியும் போகும். ஏஆர்-15 வகைகளும், பண்ணைக்காரர்கள் சாதாரணமாக வைத்திருக்கும் மினி-14 ரைஃபிளும் 2020 மே முதல் அங்கே தடை. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்தான் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றுவது) தலைவலி இல்லாதது. கரடி ஸ்பிரே கொண்டுபோகலாம், டப்பாவில் விலங்குக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும். வேட்டைக்கான தோட்டா 200 வரை வரியில்லை. குழுவில் யாருக்காவது குடித்துவிட்டு ஓட்டிய பழைய வழக்கு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 2018 டிசம்பரிலிருந்து கனடா அதைக் கடுங்குற்றமாக வைத்திருக்கிறது. எல்லையில் அவரை மட்டும் திருப்பி அனுப்பிவிடலாம்.

பயணத் திட்டத்தில் கனடாவின் டாசன் க்ரீக்கிலிருந்து அலாஸ்காவின் டோக் வரை இரண்டு நாள் என்று போட்டிருந்தார்கள். காரில் இருவர் மாற்றி மாற்றி ஓட்டினால் ஒருவேளை முடியும். டிரெய்லரோடு நாலு நாள் வையுங்கள். டிஸ்ட்ரக்‌ஷன் பே தாண்டி பீவர் க்ரீக் வரை (இரண்டும் அந்த வழியில் கனடாவின் யூகானில் உள்ள ஊர்கள்), அடியில் உறைந்த மண் இளகுவதால் சாலை அலை அலையாக எழும்பியிருக்கும். வேகமாகப் போனால் டிரெய்லர் துள்ளி அச்சு வளையும், கட்டிய பெட்டி அறுந்துபோகும். டிரெய்லருக்கு இரண்டு ஸ்டெப்னி.

"காலையில் விமானத்தில் மேலிருந்து பார்த்து மாலையில் அடிக்கலாம்" என்ற வரியைப் பார்த்ததுமே நிறுத்தியிருக்க வேண்டிய பேக்கேஜ் இது. சிறு விமானத்தில் பறந்த அன்று பெரிய விலங்கை அடிக்க அலாஸ்கா விடாது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான். பல யூனிட்டுகளில் (வேட்டைப் பகுதிகளில்) மூஸின் கொம்பு அகலம் குறைந்தது 50 அங்குலம், இல்லாவிட்டால் கொம்பின் நெற்றிக் கிளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையாவது இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதற்குப் பொருந்தாத மூஸை அடித்தால் அபராதம் சுட்டவருக்குத்தான், பேக்கேஜ் விற்றவருக்கு இல்லை. வெளிமாநிலத்தாருக்கு லைசென்ஸ் 160 டாலர், மூஸ் பூட்டு டேக் (அடித்த விலங்கில் பூட்டும் அடையாளச் சீட்டு) 800 டாலர். இரண்டும் உங்கள் பெயரில், உங்கள் கையில்.

இறைச்சி விஷயத்தில்தான் பணம் கடைசியாகக் கறக்கப்படும். பெரிய ஆண் மூஸ் ஒன்றில் எலும்பில்லாமல் சுமார் 500 பவுண்டு தேறும். சாப்பிடக்கூடிய இறைச்சி முழுவதையும் காட்டிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். கொம்பு கடைசிச் சுமையோடுதான் வெளியே வரலாம், முந்தினால் குற்றம். "இறைச்சி போக்குவரத்து இலவசம்" என்று வாய்மொழியாகச் சொன்னவர்கள் ஒப்பந்தத்தில் காட்டோரச் சாலை வரைதான் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு ஓட்டிவருவதானால் வெட்டிக் கடினமாக உறையவைத்து, ஜெனரேட்டரில் ஓடும் ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் பச்சையாகப் போட்டால் உருகிய நீரில் ஊறி நாலாம் நாள் நாறும். மண்டையோட்டில் மூளைத் திசு ஒட்டியிருந்தால் சில மாநிலங்கள் உள்ளே விடாது, அதனால் சுத்தமாகக் கழுவி வெளுத்தது மட்டும். கரடி, ஓநாய்த் தோலைக் கனடா வழியாகக் கொண்டுவர சைட்டஸ் (CITES, காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பெர்மிட் தனி. அதையும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பிய பணம் பெரும்பாலும் திரும்பாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். கைடு என்று சொல்லி டிரான்ஸ்போர்ட்டர் விற்றிருந்தால் அலாஸ்காவின் பெருவிலங்கு வணிகச் சேவை வாரியத்துக்குப் புகார் அனுப்புங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கைடு சேவை தரவே கூடாது. ஒப்பந்தம், லைசென்ஸ் நகல், பணம் கட்டிய ரசீது, "கைடு" என்ற சொல் வரும் வாட்ஸ்ஆப் செய்திகள் எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள். முதல் சூடான வார்த்தைக்கே அவர்கள் செய்திகளை அழித்துவிட்டு பிளாக் செய்துவிடுவார்கள்.