வெர்சாயும் மார்ஷல் திட்டமும்: தோற்ற ஜெர்மனியை நடத்திய இரண்டு விதம்

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியிடம் வென்றவர்கள் கணக்குத் தீர்த்தார்கள். இரண்டாவது போருக்குப் பிறகு, மேற்குப் பாதியையாவது கைதூக்கி விட்டார்கள்.

1919 ஜூன் 28-ல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தத்தின் 231-வது பிரிவு, சேதத்துக்கெல்லாம் ஜெர்மனியையும் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது. 1921-ல் விதித்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க். தவணை பிந்தியதும், 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் சுரங்கப் பகுதிக்குள் இறங்கின. அங்கே வேலையை நிறுத்திய தொழிலாளர்களுக்குப் படியளக்க ஜெர்மன் அரசு நோட்டாக அச்சடித்துத் தள்ளியது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! கூலியைக் கூடையில் வாங்கிக்கொண்டு, விலை ஏறுவதற்குள் ரொட்டிக் கடைக்கு ஓடினார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் ஒரு ரொட்டிக்குக் காணவில்லை. அதே மாதம்தான் ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார். தோற்றார். அப்புறம் 1929-ன் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் அவருக்கு வழிவிட்டது. எல்லாப் பழியையும் வெர்சாய் மேல் போட முடியாது.

போரில் நொறுங்கிய ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா கொடுத்த உதவிதான் மார்ஷல் திட்டம்; 1948-ல் தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவுக்குச் சுமார் 1,300 கோடி டாலர். மேற்கு ஜெர்மனிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 140 கோடிதான். பிரிட்டனும் பிரான்சும் அதைவிட அதிகம் பெற்றன. என்னைக் கேட்டால், 1953-ல் லண்டனில் ஜெர்மனியின் பழைய கடனில் பாதியளவைத் தள்ளுபடி செய்ததுதான் பெரிய உதவி. சோவியத் பயமும் அதற்குக் காரணம், சரி. ஆனால் கிழக்கு ஜெர்மனியில் சோவியத்காரர்கள் தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலேற்றிக்கொண்டு போனதை நினைத்தால் வித்தியாசம் நெஞ்சில் தைக்கிறது.

வெர்சாய் இழப்பீட்டுக்காக வாங்கிய கடனின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 அக்டோபர் 3-ல்.